அந்நியப் படையாள் விட்டுப்போன பிள்ளை: தகப்பன் யாரென்று சொல்ல வேண்டுமா, விட்டுவிட வேண்டுமா?

குருநகர் வாசகன் எழுதியது:

போன ஞாயிறு எங்கள் வாசகர் வட்டத்தில், போருக்குப் பின் அந்நியப் படையினர் விட்டுச்சென்ற பிள்ளைகளைப் பற்றி ஒருவர் பேசினார். நோர்வே, வியட்நாம், ஹெயிட்டி என்று பேச்சு போனது. முடிவில் ஊர்ப் பெரியவர் ஒருவர் எழுந்து, "இதையெல்லாம் கிளறாதீர்கள். அந்தத் தாய்மார் வாயை மூடிக்கொண்டதால்தான் அந்தப் பிள்ளைகள் மனிதராக வளர்ந்தார்கள்" என்றார். சபையில் பாதிப்பேர் கைதட்டினார்கள். என்னால் ஏற்க முடியவில்லை.

நான் நினைப்பது இதுதான். தகப்பன் யார் என்ற செய்தி பிள்ளைக்குச் சேர வேண்டியது. பிள்ளை வளரும்வரை தாய் அதைப் பொறுப்பாக வைத்திருக்கலாம். தன்னோடு சுடலைக்குக் கொண்டுபோகக் கூடாது. 1989ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் சிறுவர் உரிமைகள் சமவாயம் ஏழாம் உறுப்புரையில் இதைத்தான் சொல்கிறது: இயன்றவரை தன் பெற்றோரை அறியும் உரிமை பிள்ளைக்கு உண்டு. இலங்கை 1990இல் அதில் கையெழுத்திட்டு 1991இல் ஏற்று உறுதிசெய்தது. அந்நியப் படை வந்து போன மண்ணில் இருந்துகொண்டு இதைப் பேசாமல் தவிர்ப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. மாற்றுக் கருத்து உள்ளவர்கள் தயவுசெய்து எழுதுங்கள்.

வடமராட்சி அன்னம் எழுதியது:

தம்பி, நான் அந்தப் பெரியவரின் பக்கம். ஏன் என்று சொல்கிறேன்.

என் உத்தியோகம் முழுவதும் பிரசவம் பார்த்தவள் நான். ஒரு வீட்டுக்கு இரவில் அழைத்துப் போனார்கள். கலியாணமாகாத பெண். தகப்பன் ஒரு படையாள். எந்தப் படை, எந்த ஆண்டு, எந்த ஊர் என்று எழுத மாட்டேன், கேட்காதீர்கள். அவள் விரும்பினாளா, வற்புறுத்தப்பட்டாளா என்று நானும் கேட்கவில்லை. பிள்ளை பிறந்தது. அடுத்த நாளே பெண்ணின் தாய் பேறுகண்டவளுக்கான சரக்கு அரைக்கத் தொடங்கினார். மல்லியும் மிளகும் மஞ்சளும் அரைபடும் வாசம் வேலிக்கு அப்பால் போகாமல் இருக்காது. "யாருக்கு?" என்று அயலவர் கேட்டபோது, அந்தத் தாய் "எனக்குத்தான். கடைக்குட்டி" என்றார். பேறுகண்டவள் அறைக்குள் இருக்க, இவர் குசினி வாசலில் அமர்ந்து எல்லோரும் பார்க்கச் சரக்குக்கறியோடு சோறு உண்டார். முப்பத்தோராம் நாள் துடக்குக் கழித்ததும் அவர் பெயரில்தான். பிள்ளை பெற்றவளை அக்கா என்று கூப்பிட்டு வளர்ந்தது. இன்று அந்தப் பிள்ளைக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

அந்தக் கிழவி செய்ததைப் பொய் என்று சொல்லுங்கள், நான் மறுக்கவில்லை. அந்தப் பொய் இல்லாவிட்டால் அந்த வீட்டில் இரண்டு சாவு விழுந்திருக்கும். சமவாயத்தின் ஏழாம் உறுப்புரை அன்று இரவு படலையைத் தட்டி உதவிக்கு வந்திருக்காது.

ஒஸ்லோ இளங்கோ எழுதியது:

அன்னம் அக்கா எழுதியதை இரண்டு முறை வாசித்தேன். அந்தத் தாயை நான் வணங்குகிறேன். ஆனால் மௌனம் காப்பாற்றும் என்ற முடிவுக்கு அதிலிருந்து போக முடியாது. நான் இருக்கும் நாட்டில் அந்த மௌனத்தின் முதுமையை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1940 ஏப்ரலில் ஜேர்மனியர் நோர்வேயைப் பிடித்தார்கள். 1945 மே வரை இருந்தார்கள். அந்த ஐந்து ஆண்டுகளில் நோர்வேத் தாய்மாருக்கும் ஜேர்மன் படையினருக்கும் 10,000 முதல் 12,000 பிள்ளைகள் பிறந்தார்கள். போர் முடிந்ததும் ஊர் அந்தப் பெண்களின் தலைமயிரை மழித்துத் தெருவில் நடத்தியது. அரசாங்கம் ஒஸ்லோக் கடலிலுள்ள ஹூவெடோயா தீவிலும் வேறு இடங்களிலும் முகாம் போட்டு ஆயிரக்கணக்கில் அடைத்தது. ஜேர்மனியரை மணந்த பெண்களின் பிரஜாவுரிமையைப் பறித்து, சொந்த நாட்டிலிருந்தே வெளியேற்றியது. பிள்ளைகளை என்ன செய்வது என்று ஒரு குழு அமைத்தார்கள். பேர்பெற்ற மனநல வைத்தியர் ஒருவர், இந்தத் தாய்மார் மந்தபுத்தியுள்ளவர்கள், ஆகவே பிள்ளைகளிலும் பெருந்தொகையினர் அப்படியே இருப்பார்கள் என்று எழுதிக் கொடுத்தார். அத்தனை பிள்ளைகளையும் அவுஸ்திரேலியாவுக்கு அனுப்பிவிடலாமா என்றுகூட யோசித்தார்கள். சிலர் மனநோய் விடுதிகளில் ஒரு நோயும் இல்லாமல் வளர்ந்தார்கள்.

நான் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறேன். அங்கே இருந்த ஒருவர் இந்தப் பிள்ளைகளில் ஒருவர். குளிக்கவைக்கும்போது அவர் இடது கையை நீரில் நனைய விட மாட்டார். உள்ளே மடித்த கடதாசி ஒன்றைப் பிடித்திருப்பார். தகப்பனின் பெயரும் படைப்பிரிவும் எழுதிய துண்டு. தாய் அதைக் கொடுக்கவில்லை. தாய் இறந்தபின் அலுமாரியைத் துப்புரவு செய்தபோது கிடைத்தது. அப்போதே அவருக்கு அறுபது வயது தாண்டிவிட்டது. சிறுவயதில் ஊரார் எல்லோருக்கும் தெரிந்திருந்தது, ஆசிரியருக்குத் தெரிந்திருந்தது, தெரியாத ஒருவர் அவர் மட்டும்தான். ஏன் அடிக்கிறார்கள் என்று தெரியாமலே அடிவாங்கினேன் என்று சொல்வார்.

2000ஆம் ஆண்டுப் புத்தாண்டு உரையில் பிரதமர் பூண்டெவிக் இந்தப் பிள்ளைகளிடம் மன்னிப்புக் கேட்டார். பிறகு 20,000 முதல் 200,000 குரோனர் வரை இழப்பீடு வந்தது. போதாது என்று ஒரு தொகுதியினர் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம்வரை போனார்கள். காலம் கடந்த விவகாரம் என்பதால் 2007இல் அது எடுபடவில்லை. தாய்மாரிடம் அரசு மன்னிப்புக் கேட்க 2018 ஆனது. அதைக் கேட்க எத்தனை தாய்மார் உயிரோடு இருந்திருப்பார்கள்? ஊர் மறந்துவிடும் என்று நம்பி வாயை மூடிய தாய்மார் அவர்கள். ஊர் மறக்கவே இல்லை, அக்கா.

பனங்கூடல் எழுதியது:

இளங்கோ அண்ணா, பிள்ளைகளுக்கு நடந்தது கொடுமை. அதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. ஆனால் ஒரு விடயத்தை எல்லோரும் தாண்டிப் போகிறீர்கள். நோர்வேயில் அந்தப் பெண்களில் மிகப் பலர் விரும்பிப் பழகியவர்கள். பங்களாதேஷிலும் பொஸ்னியாவிலும் நடந்தது வேறு, பலாத்காரம். இரண்டையும் ஒரே தட்டில் வைக்க முடியுமா? ஒரு நாடு பட்டினி கிடக்கும்போது, ஆட்கள் சுடப்படும்போது, சுடுகிறவனோடு பழகியவர்களுக்கு அந்த ஊர் என்ன மரியாதை கொடுக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறீர்கள்? 1987 ஓகஸ்டில் இந்தியப் படைக்கு மாலை போட்டவர்கள் நாங்கள். ஒக்ரோபரில் அதே படை எங்கள் வீடுகளுக்குள் வந்தது. அதைக் கண்ட சனத்திடம், "அவனும் ஒரு தகப்பன், அவனைத் தேடுவோம்" என்று யாராவது சொன்னால் எப்படி இருக்கும்? எனக்கு அந்தத் தகப்பன்மாரை மனிதராக்கும் வேலையில் விருப்பமில்லை. பிள்ளைக்குத் தாய் இருக்கிறாள். தாயின் ஊர் இருக்கிறது. அது போதும்.

கோண்டாவில் நிலா எழுதியது:

தாயின் ஊர் இருக்கிறது என்கிறீர்கள். இருந்ததா? அபா இசைக்குழுவில் பாடிய அனி-ஃபிரீட் லிங்ஸ்டாடை எல்லோருக்கும் தெரியும். 1945 நவம்பரில் நோர்வேயில் பிறந்தவர், தகப்பன் ஜேர்மன் சார்ஜன்ட். ஊர் வாழவிடாது என்று அம்மம்மா கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு சுவீடனுக்குப் போனார். தாய் 21 வயதில் இறந்துபோனார். தகப்பன் கப்பலோடு மூழ்கிவிட்டான் என்று சொல்லி வளர்த்தார்கள். 1977இல் ஒரு ஜேர்மன் சஞ்சிகையில் இவரைப் பற்றி வந்த கட்டுரையை உறவினர் யாரோ கண்டதால்தான் தகப்பன் உயிரோடு இருப்பது தெரிந்தது. உலகமே அறிந்த பாடகி என்பதால் சஞ்சிகை தேடிக் கொடுத்தது. மற்றப் பத்தாயிரம் பேருக்கு யார் கட்டுரை எழுதுவார்கள்?

அத்தோடு, தாய் விரும்பினாளா இல்லையா என்று கணக்குப் பார்த்துப் பிள்ளைக்கு மரியாதை அளப்பதை நான் எந்த ஊரிலும் ஏற்க மாட்டேன். துப்பாக்கி வைத்திருப்பவனிடம் பாணும் சீனியும் வாங்கித் தம்பி தங்கைக்குக் கொடுத்தவள் விரும்பினாளா, விரும்பவில்லையா? அதைப் பிரிக்கும் தராசு உங்களிடம் இருக்கிறதா, அண்ணா?

வடமராட்சி அன்னம் எழுதியது:

நிலா கேட்டது சரியான கேள்வி. நான் கேட்காமல் விட்டதும் அதனால்தான்.

இளங்கோ, உங்கள் முதியவரை நினைத்துக் கவலைப்படுகிறேன். ஆனால் அங்கே அரசாங்கமே தாய்மாரைப் பிடித்து அடைத்து, ஊருக்குக் காட்டிக் கொடுத்தது. மௌனம் அங்கே தோற்றதற்கு அதுதான் காரணம். எங்கள் வீட்டில் தெரிந்தவர்கள் நான்கு பேர். அதில் நான் ஒருத்தி. ஊர் மறக்கத் தேவையே இல்லை, ஊருக்குத் தெரியாது.

சுன்னாகம் சட்டத்தரணி எழுதியது:

தாய் சொல்வதா விடுவதா என்றே பேசிக்கொண்டிருக்கிறோம். தகப்பனின் நாடு என்ன செய்ய வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. எனக்கு அதுதான் முதற்கேள்வி. தாய் வாயைத் திறந்தால் அடுத்த நாள் எந்தக் கதவைத் தட்டுவாள்?

அமெரிக்காவைப் பாருங்கள். 1975இல் வியட்நாமிலிருந்து கடைசி ஹெலிகொப்டர் போனபின் அமெரிக்கப் படையினருக்குப் பிறந்த பல்லாயிரம் பிள்ளைகள் அங்கே விடப்பட்டார்கள். 1982இல் அப்படிப்பட்ட பிள்ளைகளை அமெரிக்காவுக்கு வரவிட ஒரு சட்டம் வந்தது. வியட்நாமுடன் தூதரக உறவு இல்லாததால் அங்கிருந்த பிள்ளைகளுக்குப் பெரிதாக உதவவில்லை. 1987இல் இன்னொரு சட்டம். 1962இன் தொடக்கத்திலிருந்து 1976இன் தொடக்கம் வரை பிறந்தவர்கள் குடும்பத்தோடு வரலாம். பத்திரம் எதுவும் வேண்டாம், முகச்சாயலே சான்றாக ஏற்கப்படும். அதுவரை தெருவில் துரத்தப்பட்ட அதே பிள்ளைகளைத் திடீரென்று பணக்காரக் குடும்பங்கள் தத்தெடுக்கத் தொடங்கின. பிள்ளையோடு சேர்ந்து விசா கிடைக்கும் அல்லவா? அமெரிக்காவில் இறங்கியதும் பலரை அந்தக் குடும்பங்கள் கைவிட்டன. 20,000க்கு மேற்பட்டவர்கள் போனார்கள். தகப்பனைக் கண்டவர்கள் மிகச் சிலர். பிலிப்பைன்ஸில் அமெரிக்கத் தளங்களைச் சுற்றிப் பிறந்த பிள்ளைகளை இரண்டு சட்டமும் சேர்க்கவே இல்லை.

இனி எங்கள் நாடு. ஹெயிட்டியில் 2004 முதல் 2017 வரை ஐக்கிய நாடுகள் படை இருந்தது. அதில் இலங்கை இராணுவமும் இருந்தது. 2007இல் நூற்றுக்கு மேற்பட்ட இலங்கைப் படையினர் பாலியல் சுரண்டல் குற்றச்சாட்டில் திருப்பி அனுப்பப்பட்டார்கள். சிறுவர்களும் பாதிக்கப்பட்டவர்களில் இருந்தார்கள். ஒருவரும் சிறைக்குப் போகவில்லை. அமைதிகாக்கும் படையாள் குற்றம் செய்தால் விசாரிக்கும் அதிகாரம் அவனை அனுப்பிய நாட்டுக்கு மட்டுமே உண்டு. ஹெயிட்டி நீதிமன்றம் தொட முடியாது. ஒரு பிள்ளையின் விடயத்தில் மட்டும் இலங்கை சுமார் 45,000 டொலரை ஒரே தடவையாகக் கொடுத்தது. 2019இல் வெளியான ஆய்வு ஒன்றில், ஆய்வாளர்கள் சந்தித்த ஏறத்தாழ 2,500 ஹெயிட்டி மக்களில் 265 பேர், பல நாட்டு அமைதிப்படையினருக்குப் பிறந்த பிள்ளைகளைப் பற்றிய கதையைச் சொன்னார்கள்.

1999ஆம் ஆண்டின் எங்கள் தாபரிப்புச் சட்டம் திருமணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளைக்கும் தாபரிப்புப் பணம் கேட்க இடம் கொடுக்கிறது. யாழ்ப்பாணத்துப் பெண் நாளைக்கே நீதவான் நீதிமன்றத்தில் மனுப் போடலாம். ஹெயிட்டித் தலைநகர் போர்ட்-ஓ-பிரின்ஸில் இருக்கும் தாய் எப்படிப் போடுவாள்? படையாளின் முழுப்பெயரே அவளுக்குத் தெரியாமல் இருக்கலாம்.

பனங்கூடல் எழுதியது:

சேர், அந்தப் படை எங்கள் படை இல்லை. அதன் கணக்கை எங்கள் தலையில் எழுதாதீர்கள். அதே படையைப் பற்றி எங்களுக்கே சொல்ல நிறைய இருக்கிறது.

சுன்னாகம் சட்டத்தரணி எழுதியது:

தம்பி, குற்றத்தை உங்கள் தலையில் எழுதவில்லை. ஆனால் அந்தப் பிள்ளை நாளைக்குத் தகப்பனின் நாட்டைத் தேடி வந்தால் இந்தக் கடவுச்சீட்டு நாட்டுக்குத்தான் வரும். நீங்களும் நானும் வரி கட்டும் அரசாங்கத்திடம்தான் கேட்கும். பாதிக்கப்பட்டவர்கள் என்ற முறையில் எங்களுக்கு இந்த வலி தெரியும் என்று நாங்கள் சொல்லிக்கொள்கிறோம். அப்படியானால் அந்த ஹெயிட்டிப் பிள்ளைக்காக முதலில் குரல் கொடுக்க வேண்டியவர்கள் யாழ்ப்பாணத்தில்தான் இருக்க வேண்டும். எங்கள் நாடாளுமன்ற உறுப்பினர்கள் அந்தத் தாய்மாருக்காக அங்கே கேள்வி எழுப்ப வேண்டும் என்று நாங்கள் வற்புறுத்தலாம். கேட்பதற்கு எதிரியின் மேல் அன்பு தேவையில்லை.

பனங்கூடல் எழுதியது:

கேள்வி எழுப்பட்டும். கையெழுத்து வேண்டுமென்றால் நானும் வைக்கிறேன். தகப்பனின் நாட்டைக் கூண்டில் ஏற்றுவதில் எனக்கு எதிர்ப்பே இல்லை. தகப்பனைத் தேடிப்போய் உறவு கொண்டாடுவதைத்தான் எதிர்க்கிறேன்.

சாவகச்சேரி ரீச்சர் எழுதியது:

பெரிய நாடுகளின் கதைகளை வாசித்தேன். நான் முதலாம் வகுப்புப் பிள்ளைகளைச் சேர்க்கும் மேசையில் இருந்தவள். அங்கே நடப்பதைச் சொல்கிறேன். விண்ணப்பப் படிவத்தில் தகப்பன் பெயர், தகப்பன் தொழில், தகப்பன் கையொப்பம். ஒரு தாய் கட்டத்தை வெறுமையாக விட்டுக் கொடுத்தார். எழுதுவினைஞர் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்து, வரிசை முழுவதும் கேட்கும்படி, "தகப்பன் பெயர் எங்கே அம்மா? இறந்தவரா, விட்டுப்போனவரா?" என்றார். அந்தத் தாய் பேசவில்லை. பிள்ளை தாயின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு எழுதுவினைஞரையே பார்த்தது. நான் படிவத்தை வாங்கி மேசை இலாச்சிக்குள் வைத்தேன். அந்தப் பிள்ளையின் தகப்பன் யாரென்று இன்றும் எனக்குத் தெரியாது. படையாளாக இருக்கவும் வேண்டியதில்லை.

பொஸ்னியாவில் 1992-95 போரில் பலாத்காரத்தால் பிறந்த பிள்ளைகள் வளர்ந்து, தாங்களே ஓர் அமைப்பாகத் திரண்டார்கள். அவர்கள் கேட்டவற்றில் ஒன்று, படிவங்களில் தகப்பன் பெயருக்குப் பதிலாகப் பெற்றோரில் ஒருவரின் பெயர் என்று போட வேண்டும் என்பது. 2022இல் பிர்ச்கோ மாவட்டமும் 2023இல் பொஸ்னியக் கூட்டாட்சியும் அவர்களைப் போரால் பாதிக்கப்பட்ட பொதுமக்களாகச் சட்டத்தில் ஏற்றன. உண்மையைச் சொல்வதா மறைப்பதா என்று நீங்கள் தீர்மானிக்கும்வரை அந்த மேசையில் பிள்ளைகள் நின்றுகொண்டே இருப்பார்கள். அந்தக் கட்டத்தையாவது முதலில் எடுங்கள்.

கோண்டாவில் நிலா எழுதியது:

ரீச்சர் சொன்னதற்கு நூறு முறை ஆம். அன்னம் அம்மாவிடம் ஒரு கேள்வி. ரொறன்ரோவில் இருக்கும் எங்கள் உறவுப் பிள்ளைகள் உமிழ்நீரைக் குழாயில் அடைத்து மரபணுச் சோதனைக்கு அனுப்புகிறார்கள். வியட்நாம் பிள்ளைகளில் பலர் இப்போது தகப்பன் வழி உறவைக் கண்டுபிடிப்பது இந்த வழியில்தான். உங்கள் கடைக்குட்டியின் மகனோ மகளோ நாளைக்கு அப்படி ஒன்றை அனுப்பினால், எந்த ஊரோ எந்த நாடோ தெரியாத ஒரு குடும்பம் உறவாக வந்து நிற்கும். நீங்கள் நான்கு பேரும் காத்த இரகசியம் உங்கள் கையில் இல்லை அம்மா. அப்படித் திரையில் பார்த்து அறிவதைவிட, பெற்றவளின் வாயால் கேட்பது மேல் இல்லையா?

வடமராட்சி அன்னம் எழுதியது:

நிலா, இதைப் படித்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை.

நீங்கள் எல்லோரும் பிள்ளைக்காகப் பேசுகிறீர்கள். பேச வேண்டும். நான் தாய்க்காகப் பேசுகிறேன், ஏனென்றால் அவளுக்காக ஒருவரும் பேச வருவதில்லை. பங்களாதேஷில் 1971இல் பாகிஸ்தான் படை செய்ததற்குப் பின் என்ன நடந்தது? அரசாங்கம் அந்தப் பெண்களுக்கு வீராங்கனை என்று பட்டம் கொடுத்தது. அவர்களுக்குப் பிறந்த குழந்தைகளை வெளிநாட்டுக்குத் தத்துக் கொடுக்க 1972இல் சட்டம் செய்தது. அந்த ஆண்டு ஜூலையில் 15 கைக்குழந்தைகள் கனடாவுக்குப் போயின. பால் சுரந்துகொண்டிருந்த பெண்களின் விருப்பத்தை யார் கேட்டார்கள்? அரசு முடிவெடுத்தது, வைத்தியர்கள் முடிவெடுத்தார்கள், வீட்டார் முடிவெடுத்தார்கள். இப்போது உரிமை என்ற பெயரில் நாமும் அவளைத் தவிர்த்துவிட்டு முடிவெடுக்கப் போகிறோமா? சொல்வதென்றால் அவள் சொல்லட்டும். அவள் வாயைத் திறக்கும் நாளில் கணவனும் மாமியாரும் ஊரும் அவளை என்ன செய்வார்கள் என்பதற்கு இங்கே யாரும் பதில் எழுதவில்லை.

ஒஸ்லோ இளங்கோ எழுதியது:

அக்கா, அவள் சொல்லட்டும் என்பதை ஏற்கிறேன். ஆனால் அவள் சொல்லாமலே கண்மூடினால்? தெரிந்த நான்கு பேரில் நீங்கள் ஒருத்தி என்று எழுதினீர்கள். அந்தக் கடைக்குட்டி உங்கள் படலைக்கு வந்து நேராகக் கேட்டால் என்ன சொல்வீர்கள்?

வடமராட்சி அன்னம் எழுதியது:

பெற்றவள் இன்னும் இருக்கிறாள். இந்தப் பக்கத்தைக் கடுதாசியில் எடுத்துத் தரும்படி என் பேரனிடம் சொல்லியிருக்கிறேன். அடுத்த கிழமை அவளைப் பார்க்கப் போகிறேன். மரபணுச் சோதனையைப் பற்றியும் சொல்வேன், நோர்வேக் கிழவரின் கடதாசித் துண்டைப் பற்றியும் சொல்வேன். அவள் எழுதித் தர விரும்பினால் வாங்கி வைப்பேன். வேண்டாம் என்றால் வேண்டாம்தான். அவள் இறந்தபின் பிள்ளை வந்து கேட்டால், "சொல்லாதே என்று உன் தாய் என்னைக் கேட்டுக்கொண்டாள்" என்பதை மட்டும் சொல்வேன். அதற்குமேல் என் வாயிலிருந்து வராது.

ஒஸ்லோ இளங்கோ எழுதியது:

அதைச் சொன்னாலே பாதி சொன்னதாகிவிடும், அக்கா. மீதிப் பாதியை அறியாமல் அந்தப் பிள்ளை அலையும். நான் இதில் உங்களோடு உடன்பட முடியாது. ஆனால் அவளைப் பார்க்கப் போங்கள்.

குருநகர் வாசகன் எழுதியது:

ரீச்சர், படிவ விடயத்தை வாசகர் வட்டத்தில் அடுத்த முறை எடுக்கிறேன். வலயக் கல்விப் பணிமனைக்கும் மாகாணக் கல்வி அமைச்சுக்கும் ஒரே கடிதமாக எழுதலாம். சட்டத்தரணி சேர் வரைந்து தந்தால் கையெழுத்து சேர்க்கும் வேலையை நான் பார்க்கிறேன். ஹெயிட்டிப் பிள்ளைகள் பற்றிய கேள்விக்குத் தனிக் கடிதம் வேண்டும். அதற்குப் பனங்கூடல் தம்பியின் கையெழுத்தை முதலாவதாக எடுத்துக்கொள்கிறேன்.